ஒரு கைக்கு யார் அச்சு செய்வார்கள்?

அப்பாவின் வலது கையில் கடைசி மூன்று விரல்களும் உள்பக்கமாக மடங்கி அப்படியே நின்றுவிட்டன. முடக்குவாதம். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டும் ஓரளவு சொன்னபடி கேட்கும். கைத்தடி விற்கும் கடையில் மூன்று மாதிரிப் பிடிகள் இருந்தன. மூன்றுமே விரல் நீளுகிற மனிதர்களுக்காகச் செய்தவை. போன ஐப்பசி மழையில் பிடி நழுவி வாசற்படியில் விழுந்தார். எலும்பு எதுவும் முறியவில்லை. ஆனால் அதற்கப்புறம் தெருமுனை டீக்கடைக்குப் போவதை நிறுத்திவிட்டார். ஏன் என்று கேட்டால், "அங்க டீ இப்பல்லாம் நல்லா இல்லடா" என்பார். நாற்பது வருஷமாகப் போன கடை.

களிமண்ணைப் பிசைந்து அவர் கையில் கொடுத்து, தடியைப் பிடிக்கிற மாதிரி அழுத்தச் சொன்னேன். வந்த வடிவம் பார்க்க விநோதமாக இருந்தது. ஒரு பக்கம் உப்பல், மறுபக்கம் மூன்று ஆழமான பள்ளம், நடுவில் இடுப்பு மாதிரி ஒரு குறுகல். அதைக் காயவைத்து, செய்தித்தாளில் சுற்றி, கணபதி பக்கம் ஒரு பிளாஸ்டிக் மோல்டிங் பட்டறைக்கு எடுத்துப் போனேன்.

"எத்தன பீஸ் வேணுங்க?"

"ஒண்ணுதாங்க."

அவர் சிரிக்கவில்லை. அதுவே எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது. "ஒரு பீஸுக்கு டை போட்டா கட்டுப்படியாகாதுங்க. ஆயிரம் பீஸ்னா சொல்லுங்க, பேசலாம்" என்றார். ஆயிரம் பேருக்கு அப்பாவின் கை இருக்க வாய்ப்பில்லை.

மரத்தில் செதுக்கலாமே என்று கேட்பீர்கள். செதுக்கினோம். அந்தக் குறுகலில் மரத்தின் ரேகை குறுக்கே ஓடியதால் ஒரே வாரத்தில் பிளந்துவிட்டது. தடிமனாகச் செய்தால் கனம், விரல் உள்ளே போகவில்லை. 3டி பிரிண்டரில் எடுத்த பிடி ஒருநாள் வெயிலில் நிறுத்திய காருக்குள் கிடந்து லேசாக வளைந்து போனது. அன்று இரவு நான் தேட ஆரம்பித்த கேள்வி இதுதான்: ஒரே ஒரு பொருள் வேண்டும், அச்சு கிடையாது, வீட்டு மொட்டைமாடிதான் பட்டறை; கார்பன் ஃபைபரில் செய்ய முடியுமா?

முடியும். அதை எப்படி என்று தேடப் போய், இந்த வேலைக்கு நான் நினைத்ததைவிட ஆயிரத்து இருநூறு வருஷம் பழைய வரலாறு இருப்பது தெரியவந்தது.

முதலில் அச்சு எதற்கு என்று பார்த்துவிடலாம். கார்பன் ஃபைபர் என்று நாம் சொல்லும் கறுப்புப் பொருள் உண்மையில் துணியும் பசையும்தான். கார்பன் இழையில் நெய்த துணியை எபாக்ஸி ரெசினில் ஊறவைத்தால், ரெசின் இறுகித் துணியை அந்த வடிவத்திலேயே பிடித்துவைத்துக்கொள்ளும். இறுகுகிற வரை ஈரத்துணிக்குத் தானாக நிற்கத் தெரியாது, எதன்மேலாவது படுத்திருக்க வேண்டும். தொழிற்சாலையில் அது அச்சு. ஆனால் அச்சு வானத்திலிருந்து விழாது. முதலில் பொருளின் அதே வடிவத்தில் ஒரு மாதிரியைச் செய்து, கண்ணாடி போல இழைத்து, அதன்மேல் அச்சு எடுத்து, பிறகு அச்சுக்குள் துணியைப் போட வேண்டும். மூன்றாவதாகத்தான் நமக்கு வேண்டியது பிறக்கும். ஆயிரம் எடுத்தால் முதல் இரண்டின் செலவு கரைந்துபோகும். ஒன்றே ஒன்று எடுத்தால், அச்சுக்குக் காசு கொடுத்துவிட்டுப் பொருளை இனாமாக வாங்கி வந்த கதைதான்.

அச்சில்லா முறை இந்த வரிசையை நடுவில் வெட்டுகிறது. மாதிரியையே பொருளின் வயிறாக வைத்துக்கொள். நுரையைச் செதுக்கு, அதன்மேலேயே துணியைப் போர்த்து, இறுகவிடு. உள்ளே இருக்கும் நுரையை அப்படியே விட்டுவிடலாம், வேண்டாம் என்றால் கரைத்தும் எடுத்துவிடலாம்.

உள்ளே இருப்பதை இப்படி எடுத்துவிடும் வேலையை ஜப்பானில் நாரா நகரத்துச் சிற்பிகள் எட்டாம் நூற்றாண்டிலேயே செய்துகொண்டிருந்தார்கள். சீனாவிலிருந்து போன உத்தி அது. மரச்சட்டத்தின்மேல் களிமண்ணால் உருவத்தைத் தோராயமாகப் பிடிப்பார்கள். அதன்மேல் சணல் துணியை உருஷி மரத்துப் பாலில் நனைத்து அடுக்கடுக்காக ஒட்டுவார்கள். காய்ந்ததும் முதுகுப் பக்கம் கீறி உள்ளே இருக்கும் களிமண்ணைச் சுரண்டி எடுத்துவிட்டு, கூடு கோணிக்கொள்ளாமல் இருக்க மரச்சட்டம் ஒன்றை வைத்துத் தைத்து மூடுவார்கள். கடைசியாக அதே உருஷிப் பாலில் மரத்தூளைக் குழைத்து, முகம், விரல், உடைமடிப்பு போன்ற நுணுக்கங்களை மேலே வைத்து வடிப்பார்கள். துணி, ரெசின், உள்கரு, மேல்பூச்சுக் கலவை. இன்றைக்கு நாம் செய்வதில் இதைத் தாண்டிப் பெரிதாக எதுவும் இல்லை.

அந்தச் சிற்பங்களில் பேர்பெற்றது நாராவின் கோஃபுகுஜி கோயிலில் இருக்கிறது. 734-ல் செய்தது. மூன்று முகம், ஆறு கை, மெலிந்த உடம்பு, புருவம் சுருக்கிய ஒரு பையனின் முகம். பெயர் அஷுரா. ஆமாம், நம்ம அசுரன்தான். பௌத்தத்தோடு பயணம் போய் அங்கே காவல் தெய்வமாகிவிட்டான். அவனோடு அதே தொகுப்பில் கருடனும் கந்தர்வனும் கின்னரனும் நிற்கிறார்கள். கிட்டத்தட்ட ஐந்தடி உயரமுள்ள அந்த அசுரனின் எடை சுமார் 15 கிலோதான். அந்தக் கோயிலைப் பலமுறை தீ தின்றிருக்கிறது, 1180-ல் நடந்த போரில் நாராவே எரிந்தது. கல்லோ வெண்கலமோ ஆனால் தூக்க ஒரு படை வேண்டும். இவனை ஒருத்தர் தோளில் போட்டுக்கொண்டு ஓடலாம். 2009-ல் இந்தச் சிலையை ஆஸ்பத்திரியில் மனிதர்களை எடுப்பதுபோல சிடி ஸ்கேன் எடுத்தார்கள். உள்ளே துணி அடுக்குகளும் மரச்சட்டமும் தெரிந்தன.

உருஷிப் பால் நம்ம ஊர் அரக்கு அல்ல, அது பூச்சி தருவது. உருஷி என்பது முந்திரியும் மாவும் சேர்ந்த குடும்பத்து மரம். ஈரமாக இருக்கும்போது தோலில் பட்டால் கொப்புளம் கிளம்பும். பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்கொட்டை உடைக்கிறவர்களின் விரல்களைப் பார்த்தவர்களுக்கு அது எப்படி இருக்கும் என்று தெரியும். அந்த ஓட்டு எண்ணெயில் இருப்பதும் இதன் நெருங்கிய உறவுதான். இன்னொரு சுவாரசியம், எபாக்ஸியை இறுக்கும் ஹார்டனர்களில் ஒரு வகையை அதே முந்திரி ஓட்டு எண்ணெயிலிருந்துதான் தயாரிக்கிறார்கள். எபாக்ஸியும் தோலைப் பதம் பார்க்கும். ஒருமுறை உடம்பு அதை எதிரியாக முடிவுகட்டிவிட்டால், பிறகு சொட்டு பட்டாலும் அரிக்கும். கையுறை போடாமல் இந்த வேலையைத் தொடாதீர்கள் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

இனி ஒரு பெரிய தாண்டல். இரண்டாம் உலகப்போர் முடிந்த காலம், கலிஃபோர்னியாக் கடற்கரை. போருக்காக வளர்ந்த கண்ணாடி இழையும் பாலியஸ்டர் ரெசினும் வெளிச்சந்தைக்கு வந்துவிட்டன. அலைச்சறுக்குப் பலகை செய்கிறவர்கள் அதை எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வொருத்தர் உயரத்துக்கும் எடைக்கும் ஒவ்வொரு பலகை. அச்சு போட்டால் கட்டுப்படியாகாது. நுரையைச் செதுக்கி மேலே கண்ணாடித் துணி போர்த்தலாம் என்று பார்த்தால் ஒரு சிக்கல். பாலியஸ்டர் ரெசினில் ஸ்டைரீன் இருக்கிறது. அது பாலிஸ்டைரீன் நுரையை, அதாவது நம்ம தெர்மகோலை, சர்க்கரையை வெந்நீர் கரைப்பதுபோலக் கரைத்துவிடும். பாப் சிம்மன்ஸ் என்ற மனிதர் நுரையை ஒட்டுப்பலகைக்கும் பால்சா மரத்துக்கும் நடுவில் ஒளித்துவைத்துச் சமாளித்தார். 1950-களின் கடைசியில் ஹோபி ஆல்டரும் கோர்டன் கிளார்க்கும் பாலியஸ்டருக்கு அசராத பாலியூரிதேன் நுரையைக் கொண்டுவந்த பிறகுதான் அந்தத் தொழில் நிமிர்ந்தது.

இதையெல்லாம் படிப்பதற்கு முன்பே நான் ஒரு தெர்மகோல் கட்டியை அப்பாவின் பிடி மாதிரிச் செதுக்கி, கடையில் கிடைத்த பாலியஸ்டர் ரெசினைப் பூசியிருந்தேன். பத்து நிமிஷத்தில் பிடி இருந்த இடத்தில் ஒரு குழி. கீழே பிசுபிசுவென்று ஏதோ. அப்பா எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனார். ரெசின் கடைக்காரர் மேல் தப்பில்லை, எதன்மேல் பூசப்போகிறேன் என்று நான் சொல்லவே இல்லை.

இந்தச் சின்ன ரசாயனச் சண்டையைத் தீர்த்து, அச்சில்லா முறையை வீட்டுக் கொட்டகைக்குக் கொண்டுவந்தவர் பர்ட் ருட்டான். எட்வர்ட்ஸ் விமானப்படைத் தளத்தில் சோதனைப் பொறியாளராக இருந்தவர். 1974-ல் கலிஃபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்தில் ஒரு சின்னக் கொட்டகையில் சொந்தக் கம்பெனி ஆரம்பித்தார். அமெரிக்காவில் வீட்டிலேயே விமானம் கட்டிப் பறக்கிற ஆட்கள் அப்போதே நிறைய. மரம், துணி, இரும்புக் குழாய், அலுமினியத் தகடு என்று வருஷக்கணக்கில் கட்டுவார்கள். ஜெர்மன்காரர்கள் 1957-லேயே கண்ணாடி இழையில் கிளைடர் செய்துவிட்டார்கள். இறக்கை வழுவழுவென்று காற்றைக் கிழிக்கும். ஆனால் அதற்குப் பெரிய பெரிய அச்சுகள் வேண்டும். ஒரே ஒரு விமானம் கட்டப்போகிற ஆள் எங்கே போவான்?

ருட்டானின் பதில் வாரிஈஸி. ஆங்கிலத்தில் 'ரொம்ப சுலபம்' என்று ஒலிக்கும் பெயர். 1975 மே மாதம் பறந்தது. இறக்கைக்குப் பாலிஸ்டைரீன் நுரை. அதைக் கரைக்கும் பாலியஸ்டர் வேண்டாம், எபாக்ஸி போதும். நுரைக்கட்டியின் இரண்டு முனையிலும் இறக்கையின் குறுக்குவெட்டு வடிவத்தில் தகடு வைத்து ஆணியடிப்பார்கள். நடுவே மின்சாரத்தில் சுடும் மெல்லிய கம்பி. ஆளுக்கொரு பக்கம் கம்பியைப் பிடித்துத் தகட்டின் விளிம்பில் நகர்த்தினால், வெண்ணெயில் கத்தி போகிற மாதிரி நுரை அறுபட்டு வரும். அடியில் ஒரு பக்கம் இறக்கை அகலம், மறுபக்கம் குறுகல். இரண்டு பேரும் ஒரே வேகத்தில் போனால் கோணலாகிவிடும். அதற்காகத் தகட்டின் விளிம்பில் எண்களைக் குறித்துவைத்து, ஒருத்தர் சத்தமாக "பத்து… பதினொண்ணு…" என்று சொல்ல, மற்றவர் அந்தந்த எண்ணில் தன் கம்பியைச் சேர்க்க வேண்டும். கணவன் மனைவியாக எத்தனை பேர் இப்படி எண்ணி எண்ணி இறக்கை அறுத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

எல்லா நுரையும் எல்லா இடத்துக்கும் ஆகாது. பெட்ரோல் பாலிஸ்டைரீனைக் கரைக்கும், ஆகவே டேங்க் பக்கம் வேறு நுரை. யூரிதேன் நுரையைச் சுடுகம்பியில் அறுத்தால் விஷப்புகை வரும், ஆகவே அதைக் கத்தியால்தான் செதுக்க வேண்டும். நுரைக்குப் பெரிய பலம் எதுவும் தேவையில்லை. அட்டைப்பெட்டியின் அட்டையைப் பாருங்கள்: மேலே ஒரு தாள், கீழே ஒரு தாள், நடுவில் நெளிநெளியாக ஒன்று. மூன்றையும் பிரித்தால் மூன்றும் சாதாரணக் காகிதம். இரண்டு தோலையும் தள்ளித் தள்ளி நிறுத்துவதுதான் நடுவில் இருப்பதன் வேலை. வளைக்கும்போது இழுபடுவதும் நெருக்குப்படுவதும் தோல்கள்தான்.

ருட்டான் விற்றது விமானத்தை அல்ல, வரைபடத்தையும் பாடத்தையும். 1976-ல் விற்பனை தொடங்கியது. ரெசின் என்ற வார்த்தையையே கேள்விப்படாத ஆளை மனதில் வைத்து எழுதிய பாடம். எடுத்தவுடன் இறக்கைக்குப் போகக்கூடாது. முதலில் சின்னச் சின்னப் பயிற்சித் துண்டுகள் செய்து எடைபோட வேண்டும். எடை கூடினால் ரெசின் அதிகம். துணி பாதி இறுகி, செருப்புத் தோல் பதத்தில் இருக்கும்போது பிளேடால் ஓரத்தை வெட்டிவிடு. முழுக்க இறுகினால் ரம்பம்தான் கேட்கும் என்பது மாதிரியான கைப்பக்குவம் எல்லாம் அதில் இருந்தது. 1979-ல் இன்னும் பெரிய லாங்-ஈஸி வந்தது. நூற்றுக்கணக்கான பேர் வண்டி நிறுத்தும் கொட்டகைகளில் விமானம் கட்டி, அதில் ஏறிப் பறந்தார்கள்.

1985-ல் ருட்டானின் கம்பெனி வரைபட விற்பனையை நிறுத்தியது. யாரோ ஒருத்தர் கொட்டகையில் எப்படிக் கட்டினாலும் விழுந்தால் வழக்கு வரைந்தவர் மேல் வரும் என்ற கவலை. அந்தக் கவலையை நான் முதலில் கொஞ்சம் அலட்சியமாகத்தான் நினைத்தேன். பிறகு 1997 அக்டோபர் 12 பற்றிப் படித்தேன். பாடகர் ஜான் டென்வர், தான் அப்போதுதான் வாங்கியிருந்த பழைய லாங்-ஈஸியில் பறந்து கலிஃபோர்னியாவின் மாண்டரே விரிகுடாவில் விழுந்து இறந்தார். நுரையோ துணியோ தோற்கவில்லை. ஒரு டேங்கிலிருந்து இன்னொரு டேங்குக்கு எரிபொருளை மாற்றும் கைப்பிடி, வரைபடப்படி முன்னால் கால்களுக்கு நடுவே இருக்க வேண்டியது. அந்த விமானத்தை முதலில் கட்டியவர் அதைப் பின்னால், இடது தோளுக்குப் பின்புறம் வைத்துவிட்டார். அதைத் திருப்ப உடம்பை முறுக்கியபோது கால் தெரியாமல் ரடரை மிதித்திருக்க வேண்டும் என்று விசாரணை அமைப்பு முடிவுக்கு வந்தது. கட்டியவர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. எரிபொருள் குழாயை பைலட் உட்காரும் இடத்துக்குள் கொண்டுவர விருப்பமில்லை. தன் விருப்பப்படி மாற்றிக்கொள்ளலாம் என்பதுதானே வீட்டில் கட்டுவதன் மொத்த சுகமும். ஆனால் அந்த விமானம் கைமாறியது. அடுத்தவர் கைக்கு அந்தக் கைப்பிடி எட்டவில்லை.

பிடி செய்யும் வேலையை இந்த இடத்தில் ஒரு வாரம் நிறுத்திவைத்தேன்.

கார்பனுக்கு வருகிறேன். ருட்டானின் வீட்டு விமானங்களின் தோல் கண்ணாடி இழை. கார்பன் இழை அப்போதே இருந்தது, விலைதான் எட்டாத உயரம். 1958-ல் அமெரிக்காவின் யூனியன் கார்பைடு ஆய்வகத்தில் ரோஜர் பேக்கன் முதன்முதலில் எடுத்த கார்பன் இழைகளுக்கு, பவுண்டுக்கு ஒரு கோடி டாலர் ஆகும் என்று அவரே பின்னாளில் கணக்குச் சொன்னார். ஒசாகா அரசு ஆய்வகத்தில் அகியோ ஷிண்டோ துணி நெய்கிற அக்ரிலிக் இழையைச் சுட்டு கார்பனாக்கும் வழியைக் கண்டார். இன்று உலகத்தில் ஓடும் கார்பன் இழையில் பெரும்பகுதி அந்த வழியில் வந்ததுதான். பிரிட்டனில் ரோல்ஸ்-ராய்ஸ் தன் புதிய ஜெட் எஞ்சினின் விசிறி இதழ்களை கார்பனில் செய்துபார்த்து, பறவை மோதும் சோதனையில் அது சிதறி, மறுபடி டைட்டேனியத்துக்கே போனது. மற்றச் செலவுகளும் சேர 1971-ல் கம்பெனியே திவாலானது. அதே வருஷம் ஜப்பானின் டோரே வணிக அளவில் இழை தயாரிக்க ஆரம்பித்தது. முதலில் பெரிய அளவில் வாங்கியவர்கள் தூண்டில் கம்பும் கோல்ஃப் மட்டையும் செய்கிறவர்கள் என்பதில் எனக்கு ஒரு தனி சந்தோஷம்.

ருட்டானும் கார்பனுக்குப் போனார். அவருடைய வாயேஜர் 1986 டிசம்பரில் நடுவில் இறங்காமல், எரிபொருள் நிரப்பாமல் உலகைச் சுற்றியது. அண்ணன் டிக் ருட்டானும் ஜீனா யேகரும் ஒன்பது நாள் அதில் அடைபட்டுக் கிடந்தார்கள். கிளம்பும்போது எடை ஏறக்குறைய 4,400 கிலோ. அதில் எரிபொருள் மட்டும் சுமார் 3,200. உடற்கூடு 426 கிலோதான்! எரிபொருள் கனத்தில் இறக்கை தொங்கி நுனிகள் ஓடுபாதையில் உரசித் தேய்ந்தன, அப்படியே போய்த் திரும்பி வந்தார்கள். இது வீட்டுக் கொட்டகையின் எளிய முறை அல்ல. தேன்கூடு போன்ற காகித நடுவில் கார்பன் தோல் ஒட்டி, அடுப்பில் சுட்டது. ஆனாலும் அதே மொஹாவியில், தொண்டர்களின் கையால் பிறந்தது.

சைக்கிளில் இந்தக் கதை இன்னும் நம் பக்கத்தில் வருகிறது. கிரெய்க் கால்ஃபி என்பவர் அமெரிக்காவில் கார்பன் துடுப்புப் படகு செய்யும் இடத்தில் வேலை பார்த்தவர். 1987-ல் ஒரு விபத்தில் அவருடைய இரும்பு சைக்கிள் நொறுங்கியது. கார்பன் குழாய்களை வெட்டி, முனையோடு முனை பொருத்தி, மூட்டுகளில் ரெசினில் நனைத்த கார்பன் துணியைச் சுற்றிச் சுற்றிக் கட்டி சைக்கிள் செய்தார். சட்டத்துக்கென்று அச்சு கிடையாது, ஆகவே எந்த உயரத்து ஆளுக்கும் அளவெடுத்துச் செய்யலாம். 1991 டூர் டி பிரான்ஸில் கிரெக் லெமான்டும் அவர் அணியும் ஓட்டியது கால்ஃபியின் சட்டங்களைத்தான். எலும்பு முறிந்த காலுக்குக் கட்டு போடுவதைப் பார்த்தவர்களுக்கு அந்த மூட்டு புதிதாகத் தெரியாது.

சரி, மொட்டைமாடிக்கு வருவோம்.

கூரைச் சூட்டுக்குப் போடும் அடர்த்தியான பாலிஸ்டைரீன் பலகையில் ஒரு துண்டு, எபாக்ஸி, இரண்டு மீட்டர் கார்பன் துணி. களிமண் மாதிரியைப் பார்த்துப் பார்த்து நுரையை உப்புத்தாளால் தேய்த்து எடுத்தேன். துணியை நேராக வெட்டினால் வளைவில் படியாது. குறுக்குச் சாய்வாக, ரவிக்கைத் துணி வெட்டுகிற மாதிரி வெட்டினால் இழுத்த இழுப்புக்கு வரும். ஐந்து அடுக்கு. மேலே நைலான் துணி ஒன்று, அதன்மேல் இன்சுலேஷன் டேப்பை ஒட்டும் பக்கம் வெளியே இருக்கும்படி இறுக்கிச் சுற்றி, ஊசியால் துளை போட்டேன். அச்சு இல்லாத இடத்தில் அழுத்தம் தரப்போவது இந்த டேப்தான். துளைகளில் மிச்ச ரெசின் முத்து முத்தாக வெளியே வரும். அது சித்திரை மாசம். டப்பாவில் கலக்கி வைத்த மீதி ரெசின் சூடாகி, கொதித்து, புகையவே ஆரம்பித்துவிட்டது. பத்து டிகிரி ஏறினால் வேலை செய்யும் நேரம் ஏறக்குறைய பாதியாகும் என்பதை அன்று கையால் தெரிந்துகொண்டேன். அதற்கப்புறம் விடியற்காலை ஐந்து மணிக்குத்தான் ரெசினைத் தொடுவது.

மறுநாள் டேப்பைப் பிரித்தால், அடடா, கடையில் வாங்கியது தோற்றுப்போகும். தண்ணீர் விட்டுத் தேய்த்து மெருகு ஏற்றினேன். கார்பன் தூள் மூச்சில் போகக்கூடாது, மின்சாரமும் கடத்தும், ஆகவே ஈரத்தில்தான் தேய்க்க வேண்டும். அப்பாவிடம் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு பாக்கெட்டிலிருந்து ஐந்து ரூபாய் நாணயத்தை எடுத்துத் தட்ட ஆரம்பித்தார். அவர் முப்பத்தைந்து வருஷம் மில்லில் ஃபிட்டர். 'டக், டக், டக்' என்று போய், இரண்டாவது பள்ளத்தில் 'பொத்' என்றது. மறுபடி தட்டினார். 'பொத்'.

"உள்ள ஏதோ இல்லடா."

கண்ணாடித் துணிக்கும் கார்பனுக்கும் உள்ள பெரிய வித்தியாசம் இங்கேதான் எனக்கு உறைத்தது. கண்ணாடித் துணி ரெசினில் நன்றாக ஊறினால் ஒளி ஊடுருவும். காற்று மாட்டிக்கொண்டால் அந்த இடம் வெள்ளையாகக் காட்டிக்கொடுக்கும். ருட்டானை நம்பி விமானம் கட்டியவர்கள் ஒவ்வொரு அடுக்கையும் விளக்கு வைத்துப் பார்க்க முடிந்தது. கார்பன் ஊறினாலும் கறுப்பு, ஊறாவிட்டாலும் கறுப்பு. வீட்டில் செய்கிறவனுக்கு ஸ்கேனரும் கிடையாது.

மனசே இல்லாமல் அதை வைஸில் வைத்து நீளவாக்கில் அறுத்தேன். இரண்டாவது பள்ளத்தில் துணி பள்ளத்துக்குள் இறங்காமல், இரண்டு மேட்டுக்கும் நடுவே பாலம் போல நின்றிருந்தது. அடியில் நகம் நுழையும் அளவுக்கு வெற்றிடம். டேப் மேட்டில் அழுத்தும், பள்ளத்தில் அழுத்தாது. அச்சு என்றால் அந்தப் பள்ளத்துக்கு நேர் எதிரே ஒரு மேடு வந்து அழுத்தியிருக்கும். அச்சில்லாமல் செய்கிறவன் அந்த மேட்டை யோசித்து வைக்க வேண்டும். அது அப்பாவின் மோதிரவிரல் உட்காரும் இடம். முழு பாரமும் அங்கேதான் விழுகிறது. கார்பன் வளைந்து எச்சரிக்காது. உடைந்தால் ஊசி ஊசியாக உடையும்.

இரண்டாவது பிடியில் பள்ளங்களின் மூலையை ரெசினும் நுண்கண்ணாடிக் குமிழ்த் தூளும் கலந்த களிம்பால் உருட்டிவிட்டேன். பள்ளத்தின் அடிக்கு மட்டும் தனியாகத் துணி நாடா. டேப்புக்கு அடியில் ஒவ்வொரு பள்ளத்திலும் பாலித்தீனில் சுற்றிய ரப்பர் உருளை. அதிலும் ஒரு இடத்தில் 'பொத்'. மூன்றாவதில் முழுக்க 'டக்'. தடியின் அலுமினியக் குழாய்க்கும் கார்பனுக்கும் நடுவே ஒரு அடுக்கு கண்ணாடித் துணி வைத்தேன். இரண்டும் நேரடியாகத் தொட்டு, நடுவே வியர்வை ஈரமும் சேர்ந்தால் அலுமினியம் அரித்துப்போகும். குழாயை வைஸில் இறுக்கி, பிடியில் நானே தொங்கினேன். அப்பா 62 கிலோ, நான் 74. குதித்துப் பார்த்தேன். நாணயத்தால் மறுபடி தட்டினோம். சத்தம் மாறவில்லை.

கார்பனின் அந்தப் பின்னல் தெரிய வேண்டும் என்று மெருகுக்கு மட்டும் இரண்டு நாள் செலவழித்தேன். அப்பா பிடித்துப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. வழவழங்குது" என்றார். உள்ளே போய்ப் பழைய சைக்கிள் டியூபை நாடாவாக வெட்டிக் கொண்டுவந்து, என் கண்முன்னாலேயே பிடி முழுக்கச் சுற்றிக் கட்டிவிட்டார். கறுப்பின்மேல் கறுப்பு. கார்பன் உள்ளே இருப்பது இப்போது எங்கள் இரண்டு பேருக்குத்தான் தெரியும்.

அடுத்த நாள் காலையில் செருப்பைப் போட்டுக்கொண்டு, "அந்த அறுத்த பீஸ எங்கடா வச்ச?" என்று கேட்டார். எதற்கு என்றேன். "மில்லுல கூட இருந்தவனுங்க வருவானுங்க, காட்டறேன்" என்று பாதிப் பிடியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார். திரும்பி வர ஒன்றரை மணி நேரம் ஆனது.

டீ எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"அதேதான்" என்றார்.